பாட்டுக்கு ஒரு தேசம் – 17: இரண்டு சொல், 38 ஆண்டு

தேசிய கீதத்தில் ஒரு சொல்லை மாற்றலாமா என்று வாயெடுத்தாலே போதும், எந்த நாட்டிலும் முதலில் கிளம்பும் எதிர்ப்பு ஒன்றுதான்: "முன்னோர் பாடியதில் கை வைக்காதே!" கனடாவிலும் அப்படித்தான் கிளம்பியது. வேடிக்கை என்னவென்றால், அங்கே முன்னோர் பாடியதே வேறு.

'ஓ கனடா' பிறந்தது பிரெஞ்சு மொழியில். கலிக்சா லவாலே இசையமைக்க, நீதிபதி அடோல்ஃப் பசில் ரூத்தியே எழுதினார். 1880 ஜூன் 24 அன்று கியூபெக் நகரத் திருவிழாவில் முதன்முதலாக ஒலித்தது. ஆங்கிலக் கனடியர்களுக்கு மெட்டு பிடித்துவிட்டது. வாளும் சிலுவையும் வரும் அந்தப் பாட்டு ஒட்டவில்லை. ஆளாளுக்கு எழுதிப் பார்த்ததில் நிலைத்தது, மான்ட்ரியல்காரரான ராபர்ட் ஸ்டான்லி வியர் 1908-இல் எழுதியது. அது மொழிபெயர்ப்பல்ல, அதே மெட்டில் முற்றிலும் வேறு பாட்டு.

வியரின் முதல் வடிவத்தில் தேசப்பற்று சுரப்பது 'நம்மிடம்'. ஆண், பெண் பேச்சே இல்லை. 1913-இல் அவரே அதைத் திருத்தி, தாய்நாட்டின் 'புதல்வர் எல்லோரிடமும்' என்று ஆக்கினார். போர்முனைக்குப் போன இளைஞர்களைப் போற்றத்தான் இந்த மாற்றம் என்று பின்னாளில் விளக்கம் சொன்னவர்கள் உண்டு. முதல் உலகப் போர் தொடங்கியதோ 1914-இல்! ஒன்று மட்டும் நிச்சயம். 1913-இல் கனடாவின் எந்த மாகாணத் தேர்தலிலும் பெண்களுக்கு ஓட்டு இல்லை. 'புதல்வர்' என்று பாடியது யார் காதையும் பெரிதாக உறுத்தியிருக்காது.

அதன் பிறகும் பாட்டு சும்மா இருக்கவில்லை. 1968-இல் நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒன்று சில வரிகளை மாற்றச் சொன்னது. வியரின் பல்லவியில் இல்லாத கடவுள் அப்போதுதான் அதற்குள் வந்தார். இத்தனை ஒட்டுப்போட்ட பிறகு, 1980 ஜூலை 1 அன்று சட்டப்படி தேசிய கீதம் ஆனது. புதல்வர்கள் அப்படியே இருந்தார்கள்.

புதல்விகள் எங்கே என்ற கேள்வியோடு அடுத்தடுத்து மசோதாக்கள் வந்து விழுந்தன. 2002-இல் செனட்டர் விவியன் பாய் கொண்டுவந்தது அவற்றில் ஒன்று. 2010 மார்ச்சில் ஸ்டீஃபன் ஹார்ப்பரின் கன்சர்வேடிவ் அரசே ஆளுநர் உரையில், பழைய பொதுச் சொல்லுக்குத் திரும்பலாமா என்று பரிசீலிப்போம் என்றது. எழுந்த கூச்சலில் இரண்டே நாளில் பின்வாங்கியது.

கடைசியில் காரியத்தை முடித்தவர் மொரில் பெலாஞ்சே. ஒட்டாவா-வானியே தொகுதியின் லிபரல் உறுப்பினர், தாய்மொழி பிரெஞ்சு. அவருடைய முதல் மசோதா 2015-இல் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற தீராத நரம்பு நோய் என்று தெரிந்தது. பேச்சு போனது. 2016 தொடக்கத்தில் அதே திருத்தத்தை சி-210 என்ற தனிநபர் மசோதாவாக மீண்டும் கொண்டுவந்தார். மார்ச் 9 அன்று சபை அவரை ஒருநாள் கௌரவ சபாநாயகர் ஆக்கியது. அங்கி அணிந்து வந்தவருக்காகக் கையடக்கக் கணினியின் இயந்திரக் குரல் பேசியது. ஜூன் 15 அன்று 225-க்கு 74 என்று மசோதா நிறைவேறியது. ஆகஸ்ட்டில் அவர் காலமானார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் செனட் ஒன்றரை ஆண்டு இழுத்தடித்தது. மக்களைக் கேட்டீர்களா என்றார்கள் கன்சர்வேடிவ் செனட்டர்கள். புதிய வரி இலக்கணப்படி இடறுகிறது, மாற்றத்தான் வேண்டுமென்றால் 1908-இன் மூல வரிக்கே திரும்பலாமே என்ற வாதமும் வந்தது. என்னைக் கேட்டால் எதிர்த்தரப்பில் எழுந்த நல்ல வாதம் அது ஒன்றுதான். ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருந்தது. செனட் ஒரு சொல்லை மாற்றினாலும் மசோதா மீண்டும் மக்கள் சபைக்குப் போக வேண்டும். அங்கே அதைக் கொண்டுவந்தவர் உயிரோடு இல்லை. மசோதாவும் அவரோடு போய்விடும்.

ஆதரவாளர்கள் விவாதத்தை முடித்துவைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரி 31 அன்று கன்சர்வேடிவ்கள் வெளிநடப்புச் செய்ய, மசோதா நிறைவேறியது. பிப்ரவரி 7 அன்று ஒப்புதல் தந்தவர் கவர்னர் ஜெனரல் ஜூலி பயேட், விண்வெளிக்குப் போய்வந்த பெண்மணி. ஆங்கிலத்தில் மாறியவை இரண்டே சொற்கள். 'புதல்வர்' போய் 'நாம் எல்லோரும்' வந்தது. ஒன்டாரியோ பள்ளிகளில் தினமும் காலையில் இந்தப் பாட்டு உண்டு. டொரன்டோவில் படிக்கும் நம் ஈழத்துப் பிள்ளைகளும் இப்போது பாடுவது இந்த வடிவத்தைத்தான்.

பிரெஞ்சு வடிவத்தை யாரும் தொடவில்லை. வாளும் சிலுவையும் 1880-இல் இருந்தபடியே இருக்கின்றன.

அடுத்த வாரம் ஆஸ்திரியா. அங்கே நாட்டின் மாபெரும் புதல்வர்களை மட்டும் புகழ்ந்து கீதம் எழுதியவரே ஒரு பெண்!

(தொடரும்)