குண்டூசித் துளை

பைக்கில் காய்ந்துபோன சேற்றை வாட்டர் சர்வீஸ் கன் நொடியில் உரித்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பீய்ச்சல் விரலில் பட்டால்? பெரும்பாலும் குண்டூசி குத்தியது போல ஒரு துளை, அவ்வளவுதான். இந்தக் காயத்தின் வரலாறே அந்தத் துளையைப் பார்த்து ஏமாந்தவர்களின் வரலாறுதான்.

1937இல் அமெரிக்க மருத்துவர் ரீஸ், டீசல் என்ஜினிலிருந்து சீறிய எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்ததைப் பதிவு செய்தார். 1939இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 'கிரீஸ் கன் விரல்' என்று இன்னும் இரண்டு பேர். 1950இல் ஜெர்மனியின் கார்ஷர் நிறுவனம் வெந்நீரை அழுத்திப் பீய்ச்சும் கழுவும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பிறகு பெயின்ட் ஸ்ப்ரே கன். புதிய கருவி வரும்போதெல்லாம் பழைய காயமும் கூடவே வந்தது.

தோலைத் துளைக்கச் சுமார் 100 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். சாதாரணக் கழுவும் இயந்திரமே 1,500ஐத் தாண்டும். ஆலைத் தொட்டிகளைச் சுரண்டும் வாட்டர் ஜெட்டில் 10,000க்கும் மேல். அடிபடுவது பெரும்பாலும் இடது ஆள்காட்டி விரல். வலது கை கன்னைப் பிடித்திருக்க, அடைத்த நாசிலைத் துடைக்கப் போவது இடது கைதானே. சாதாரணக் கையுறை இதைத் தடுக்காது.

உள்ளே போன திரவம் தசைநாண் உறை வழியாக உள்ளங்கை வரை ஓடும். விரலுக்குள் இடம் கிடையாது. வீங்க வீங்க ரத்தக்குழாய் நசுங்கும். ஆனால் முதல் சில மணி நேரம் வலிகூடப் பெரிதாக இருக்காது. "ஒண்ணுமில்லண்ணே, லேசா குத்திடுச்சு" என்று அவர் ஷிப்டை முடிக்கப் போய்விடுவார். துளையைப் பார்த்த மேஸ்திரியும் அதையேதான் சொல்வார். சில நேரம் மருத்துவரும்.

2006இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட 435 காயங்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. சுமார் 30 சதவீதம் பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. பெயின்ட், தின்னர் என்றால் ஆபத்து அதிகம், தாமதித்தால் இன்னும் அதிகம். தண்ணீர் அந்த அளவுக்குக் கொடியதல்ல. ஆனால் சாக்கடை அழுக்கையும் கிருமியையும் அது உள்ளே கொண்டுபோகும்.

அமெரிக்காவில் வாட்டர் ஜெட் தொழிலாளிகளுக்கென்று ஓர் அட்டை உண்டு. 'இவர் உயர் அழுத்தத் தண்ணீரோடு வேலை செய்கிறவர், அதை மனதில் வைத்துப் பரிசோதியுங்கள்' என்று மருத்துவருக்குச் சொல்லும் அட்டை. அவர் வாய்ச்சொல் போதாது என்று அந்தத் தொழிலுக்கே தெரிந்திருக்கிறது.

நம் தெரு வாட்டர் சர்வீஸ் பையன்களிடம் அப்படி ஓர் அட்டையை நான் பார்த்ததில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்: "தண்ணி உள்ள போயிருக்கு, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."