மயக்கத்தில் இருந்தவளின் சம்மதம்

அவசர நிலையில், நினைவிழந்த நோயாளியின் சம்மதத்துக்காக மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை. உயிர் காக்கும் இந்த விலக்கில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அதன் எல்லையை வரையறுத்த வழக்குகளைப் புரட்டினால், மேசையில் கிடத்தப்பட்டவர் திரும்பத் திரும்பப் பெண்ணாகவே இருக்கிறார்.

1896இல் சிகாகோவில், வலிப்புக்குச் சிகிச்சை பெற வந்த பார்மீலியா டேவிஸின் கருப்பை அகற்றப்பட்டது. என்ன செய்யப்போகிறோம் என்பதை வேண்டுமென்றே மறைத்ததாக மருத்துவரே ஒப்புக்கொண்டார். கணவரின் சம்மதம் இருந்தது என்ற வாதத்தை இல்லினாய் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

1908இல் நியூயார்க்கில் மேரி ஷ்லோன்டார்ஃப், ஈதர் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்தார். அறுவை கூடாது என்று சொல்லியிருந்தார். மயக்கத்தில் இருந்தபோது கட்டியை அகற்றினார்கள். பிறகு கை அழுகி, விரல்களை இழந்தார். தன் உடலுக்கு என்ன செய்யப்படலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, மனத்தெளிவுள்ள வயதுவந்த ஒவ்வொருவருக்கும் உண்டு என்று நீதிபதி கார்டோசோ 1914இல் எழுதினார். அவசர நிலையை மட்டும் விலக்காக வைத்தார். உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பில் மேரி தோற்றார் என்பதைப் பலர் சொல்வதில்லை. தர்ம மருத்துவமனை மீது வழக்குச் செல்லாது என்றார்கள்.

இதே கேள்வியில் நம் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. 1995இல் டெல்லியில், மாதவிடாய்ப் போக்கு நிற்காமல் அவதிப்பட்ட 44 வயதுப் பெண், திருமணமாகாதவர், லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குப் போனார். தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கலாம் என்ற படிவத்திலும் கையெழுத்திட்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து அம்மாவிடம் சம்மதம் வாங்கினார். கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அறுவை செய்தவரும் பெண்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்து அம்மாவிடம் பேச நேரம் இருந்தது. மகளுக்கு மயக்கம் தெளியும்வரை காத்திருக்க மட்டும் நேரம் இல்லை! உயிருக்கு ஆபத்தில்லாதபோது அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் தயங்கியதுபோல, நோயாளிக்கு எவ்வளவு விளக்க வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கத்துக்கே விட்டது. அமெரிக்காவின் கடுமையான அளவுகோல் இங்கே பொருந்தாது என்றது. நல்லெண்ணத்தில் செய்ததென்று இழப்பீட்டையும் குறைத்தது.

மருத்துவருக்கு அறுவைக் கட்டணம் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு 13 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்.