ஏலக்கூடத்தில் எலும்பும் முகமூடியும்: உடைமை உரிமையின் இருநூற்றாண்டு வரலாறு

1819ஆம் ஆண்டு வில்லியம் புல்லக் லண்டன் பிக்காடில்லி தெருவில் தாம் நடத்திவந்த அருங்காட்சியகத்தை ஏலத்தில் விற்றுக் கலைத்தபோது, பாடம் செய்யப்பட்ட பறவைகளும், கேப்டன் குக்கின் கடற்பயணங்கள் வழியாக வந்துசேர்ந்த பசிபிக் தீவு மக்களின் கைவினைப் பொருள்களும், இக்தியோசர் என்னும் அழிந்துபட்ட கடல்வாழ் ஊர்வனவின் எலும்புக்கூடும் ஒரே விற்பனையில் கைமாறின. பாறையில் பதிந்து கல்லாகிப்போன உயிரெச்சமான புதைபடிவம், பழங்கால மக்கள் விட்டுச்சென்ற தொல்பொருள், ஒரு சமூகத்தின் சடங்கிலும் வாழ்விலும் புழங்கிப் பின்னர் பிறரால் கலையாக மதிக்கப்பட்ட இனவரைவியல் பொருள் ஆகிய மூன்றையும் ஏலக்கூடம் தொடக்கத்தில் 'அரும்பொருள்' என்ற ஒரே வகைக்குள் அடக்கியிருந்தது. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தது பிற்காலச் சட்டமே. ஒரு பொருளை ஏலம் விடுவதற்கு யாருடைய உரிமையும் ஒப்புதலும் தேவை என்ற கேள்விக்கு இந்த மூன்று வகையிலும் வெவ்வேறு விடைகள் உருவாயின. அவ்விடைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு இன்றுவரை நீடிக்கிறது.

புல்லக் விற்ற இக்தியோசர், டார்செட் கடற்கரை ஊரான லைம் ரீஜிஸில் 1811–12இல் அன்னிங் குடும்பத்தார் கண்டெடுத்தது. அப்பகுதியின் பண்ணைநிலப் பிரபுவான ஹென்லியே ஏறத்தாழ 23 பவுண்டு கொடுத்து அதை அவர்களிடமிருந்து வாங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. தோண்டியவருக்கே பொருள் உரியது என்பதை நிலப்பிரபுவும் நடைமுறையில் ஏற்றுக்கொண்டிருந்தார். 1820இல் அக்குடும்பம் வறுமையால் வீட்டுச் சாமான்களை விற்கும் நிலைக்கு வந்தபோது, தாமஸ் பர்ச் என்ற சேகரிப்பாளர், பெரும்பாலும் அவர்களிடமே வாங்கிச் சேர்த்திருந்த தம் தொகுப்பை அவர்களுக்கு உதவும் பொருட்டு லண்டனில் ஏலம் விட்டதில் 400 பவுண்டு திரண்டது. அக்குடும்பத்தின் மகளான மேரி அன்னிங்கின் பெயரை அறிவுலகம் அறிந்ததில் இந்த ஏலத்துக்கும் பங்கு உண்டு.

இனவரைவியல் பொருள்களின் வரலாறு இவ்வளவு இணக்கமானதன்று. 1897இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைக் கைப்பற்றி, ஓபா என்னும் அரசரின் அரண்மனையிலிருந்து ஆயிரக்கணக்கான பித்தளை வார்ப்புகளையும் தந்தச் சிற்பங்களையும் எடுத்துச் சென்றபின், அவற்றில் பல லண்டன் கோவென்ட் கார்டனில் இருந்த ஸ்டீவன்ஸ் ஏலக்கூடம் போன்ற இடங்களில் விற்பனைக்கு வந்தன. பூச்சித் தொகுப்புகளுக்கும் அற்றுப்போன பறவைகளின் முட்டைகளுக்கும் பெயர்பெற்ற கூடம் அது. படையெடுப்பில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு அக்காலத்தில் பொருளின் நம்பகத்தன்மைக்குச் சான்றாக நின்று விலையைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. ஒரு பொருள் யார் யார் கைகளின் வழியாக வந்தது என்பதைக் காட்டும் உடைமை வரலாறு குற்றத்தின் சான்றாகவும் ஆகக்கூடும் என்ற எண்ணம், பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பின்னரே வலுப்பெற்றது.

புதைபடிவங்களைப் பொறுத்தவரை திருப்புமுனையாக அமைந்தது 'சூ' என்ற டைரனோசாரஸ் ரெக்ஸின் வழக்கு. 1990 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பழங்குடியினருக்குரிய ஒதுக்கீட்டு எல்லைக்குள் ஒரு பண்ணையில் கிடைத்த அந்த எலும்புக்கூட்டுக்காக, அதைத் தோண்டியெடுத்த பிளாக் ஹில்ஸ் நிறுவனம் பண்ணைக்காரருக்கு 5,000 டாலர் கொடுத்திருந்தது. 1992இல் மத்தியப் புலனாய்வுத் துறையினர் அதைப் பறிமுதல் செய்ய, வழக்கு நீதிமன்றங்களில் நடந்தது. மண்ணுக்குள் கிடக்கும் புதைபடிவம் நிலத்தின் ஒரு பகுதியே; அந்நிலத்தைப் பண்ணைக்காரருக்காக அரசு பொறுப்பில் வைத்திருப்பதால் அரசின் ஒப்புதலின்றி அவர் செய்த விற்பனை செல்லாது என்று தீர்ப்பானது. உழைத்துத் தோண்டியவர்கள் வெறுங்கையராக, 1997 அக்டோபர் 4 அன்று நியூயார்க் சோத்பிஸ் ஏலத்தில் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் மெக்டொனால்ட்ஸ், டிஸ்னி ஆகிய நிறுவனங்களின் உதவியோடு 83 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு அதை எடுத்தது. லைம் ரீஜிஸில் நிலப்பிரபு தோண்டியவருக்குப் பணம் கொடுத்த முறை இங்கே தலைகீழானது. எலும்பு அறிவியலுக்குக் கிடைத்தது நற்பேறே. ஆனால் மேய்ச்சல் நிலத்தின் அடியில் கோடிகள் கிடக்கலாம் என்று நில உரிமையாளர்கள் உணரத் தொடங்கியதும் அந்த ஏலத்தால்தான்.

நிலமே உரிமையைத் தீர்மானிக்கும் என்ற இக்கொள்கை எல்லா நாடுகளிலும் ஏற்கப்பட்டதன்று. மங்கோலியாவின் சட்டம் 1924 முதலே புதைபடிவங்களை அரசின் உடைமையாகக் கொள்கிறது. 2012 மே மாதம் நியூயார்க்கில் ஹெரிடேஜ் நிறுவனம் டார்போசாரஸ் பாட்டார் என்ற கோபி பாலைவன டைனோசரின் எலும்புக்கூட்டை 10 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் விட்டபோது, மங்கோலிய அதிபர் எல்பெக்தோர்ஜ் தலையிட்டார். அந்த எலும்பு கோபியின் பாறை அடுக்குகளுக்கே உரியது என்று தொல்லுயிரியலாளர்கள் சான்று கூற, சுங்க ஆவணத்தில் பிரிட்டன் என்று பிறப்பிடம் எழுதப்பட்டிருந்ததும் வெளிப்பட, அமெரிக்க அரசு எலும்புக்கூட்டையே எதிர்வாதியாக்கி வழக்குத் தொடுத்தது. 2013 மே மாதம் அது மங்கோலியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதே 2013இன் ஏப்ரலில் பாரிஸில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அரிசோனாவின் ஹோப்பி மக்கள் உயிருள்ளவையாகவே போற்றும் ஏறத்தாழ 70 கச்சினா முகமூடிகளின் ஏலத்தைத் தடுக்கக் கோரிய வழக்கில், அவை ஒரு சமூகத்துக்குப் புனிதமானவை என்றாலும் மனித உடலுக்கோ உயிருள்ளவர்க்கோ நிகரானவையல்ல என்று கூறிப் பிரெஞ்சு நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. ஏறத்தாழ 9 லட்சத்து 30 ஆயிரம் யூரோவுக்கு அவை விலைபோயின. எழுபது மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மடிந்த விலங்கின் எலும்புக்குக் கிடைத்த காப்பு, இன்றும் சடங்கு நடத்தும் மக்களின் தெய்வ வடிவங்களுக்குக் கிடைக்காததன் காரணம் பொருளின் தன்மையில் இல்லை. மங்கோலியருக்கு எல்லையும் சட்டமும் அதிபரும் உள்ள ஓர் அரசு இருந்தது; அயல்நாட்டு நீதிமன்றத்தில் ஹோப்பியருக்கு அத்தகைய நிலை இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் ஏலம் அறிவிக்கப்பட்டபோது, அனென்பெர்க் அறக்கட்டளை தன்னை வெளிக்காட்டாமல் தொலைபேசியில் ஏலம் கேட்டு, 5 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு 24 பொருள்களை எடுத்து, 21ஐ ஹோப்பியரிடமும் மூன்றை சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களிடமும் சேர்த்தது. இத்தகைய பொருள்களின் ஏற்றுமதியைத் தடைசெய்யும் அமெரிக்கச் சட்டம் 2022இல்தான் வந்தது.

இதற்கிடையே அமெரிக்கத் தனியார் நிலங்களின் எலும்புகள் தடையின்றி விலையேறின. 2020இல் 'ஸ்டான்' என்ற டைரனோசாரஸ் ரெக்ஸ் 3 கோடியே 18 லட்சம் டாலருக்கும், 40 முதல் 60 லட்சம் வரை மதிப்பிடப்பட்டிருந்த 'ஏபெக்ஸ்' என்ற ஸ்டெகோசாரஸ் 2024 ஜூலையில் 4 கோடியே 46 லட்சம் டாலருக்கும் போயின. தனியார் கைக்குப் போகும் எலும்பை மறுமுறை ஆராய முடியும் என்ற உறுதியில்லை என்பதால் முதுகெலும்பிகளின் தொல்லுயிரியலாளர்கள் இதனை எதிர்க்கின்றனர். ஸ்டான் அபுதாபியிலும் ஏபெக்ஸ் கடனாக நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களுக்கு வந்தமை வாங்கியவர்களின் விருப்பத்தால் நேர்ந்ததேயன்றிச் சட்டத்தால் அன்று.

தொல்பொருளிலும் சட்டம் எப்போதும் வழிசெய்வதில்லை. 1898இல் இந்தியாவின் பிப்ரவா தூபியில் எஸ்டேட் நிர்வாகி வில்லியம் பெப்பே அகழ்ந்தெடுத்த, புத்தரின் எச்சங்களோடு வைக்கப்பட்டிருந்த மணிகளில் ஒரு பகுதியைக் காலனி அரசே அவரிடம் விட்டுவைத்திருந்தது. 2025 மே மாதம் அவற்றை ஹாங்காங்கில் ஏலம் விட சோத்பிஸ் முற்பட, இந்திய அரசின் அறிவிக்கையால் ஏலம் நின்றது. ஆயினும் மணிகள் ஜூலையில் நாடு திரும்பியது பறிமுதலால் அன்று, கோத்ரெஜ் குழுமம் அவற்றை விலைக்கு வாங்கியதால்தான்.