எழுத்துக்கும் ஒரு கதை உண்டு!



எதிரணித் தோழர் கேட்டார்: "ஆறு ஓடுது, குளிக்கிறோம். அது எங்கே பிறந்துச்சுன்னு ஆராய்ச்சி எதுக்கு?" நீங்களும் கைதட்டினீங்க. நான் கேட்கிறேன்: ஒரு பொருள் பிறந்து வளர்ந்த கதை தெரியாம அதைப் பத்தித் தீர்ப்புச் சொல்லலாமா?

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். ஊர்ல இருந்து எங்க அம்மா கடுதாசி போடுவாங்க. அஞ்சாங் கிளாஸ் படிப்பு. 'பிள்ளை', 'வேலை' எல்லாம் பழைய எழுத்துல, யானைத் தும்பிக்கை மாதிரி வளைச்சு எழுதுவாங்க. என் பொண்ணு என்ன செஞ்சா? சிவப்புப் பேனாவால சுழிச்சு, 'எட்டுப் பிழை'ன்னு மார்க் போட்டுட்டா! (சிரிப்பு)

லீவுக்கு வந்த அம்மா கண்ணுல அது பட்டுடுச்சு. ஒண்ணும் பேசலை. அதுக்கப்புறம் வந்த கடுதாசி எல்லாம் பக்கத்து வீட்டுப் பையன் கையெழுத்து!

அன்னைக்குத்தான் பொண்ணை உட்கார வெச்சு எழுத்தோட வரலாற்றைச் சொன்னேன். ஓலைச்சுவடியிலே பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். 'கேட்டான்' என்றாலும் 'கெட்டான்' என்றாலும் ஒரே எழுத்துதான். கடன் கேட்டான், கெட்டான். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நடுவர் சிரிக்கிறார்! (சிரிப்பு) 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் வந்து, நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து வேறுபாடு காட்டினார். 1935இல் தந்தை பெரியார் 'குடிஅரசு' ஏட்டிலே சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். அதில் சிலவற்றை ஏற்று, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, லை, ளை என்று 13 எழுத்துகளுக்கு வடிவம் மாறியது.

"அப்போ பாட்டி தப்பா எழுதலையாம்மா?"

"இல்லடி. பாட்டி படிச்சப்போ அதுதான் சரி. அவங்க மாறலை, எழுத்து மாறிடுச்சு."

பொண்ணு அந்தப் பழைய 'லை'யைப் பத்துத் தடவை எழுதிப் பழகினா. 'பாட்டி, தப்பு என் மேலதான்'னு கடுதாசி போட்டா. அடுத்த வாரமே அம்மா கையெழுத்துல பதில் வந்தது! (கைதட்டல்)

பழசெல்லாம் தப்பு என்பவரும் வரலாறு படிக்கணும். பழசைத் தொடவே கூடாது என்பவரும் படிக்கணும். தோழரே, ஆத்துல தாராளமாக் குளிங்க. ஆனா தண்ணி ஏன் கலங்கி வருதுன்னு தெரியணும்னா, கரையோரமா மேலே நடந்து போய்த்தான் பார்க்கணும்!