ஏலமும் குப்பைமேடும்: கலிபோர்னியப் பள்ளிகளின் உபரிப் பொருள் சட்டம்

கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டம் தேங்கிக் கிடக்கும் பழைய பெஞ்சுகளைக் கழித்துக்கட்டப் புறப்பட்டால், குறுக்கே வந்து நிற்பது 19ஆம் நூற்றாண்டின் ரயில் பாதை. ரயில் கம்பெனிகளுக்குப் பொதுப் பணம் வாரி வழங்கப்பட்டதைக் கண்டு மக்கள் வெறுத்துப்போயிருந்த காலத்தில், 1879இல் எழுதப்பட்ட அம்மாநில அரசியல் சட்டம், பொதுப் பணத்தையோ மதிப்புள்ள பொதுப் பொருளையோ தானமாகக் கொடுப்பதைத் தடுத்தது. தடை இன்றும் இருக்கிறது. கால் ஆடும் பெஞ்சும் மதிப்புள்ள பொருள்தான். பின்னால் வந்த பள்ளி உபரிச் சட்டங்கள், பொருள் வீணாவதைவிட அது வேண்டியவர் கைக்குப் போய்விடுமோ என்றே அதிகம் அஞ்சின. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பயன்படக்கூடிய பொருளைக் குப்பைக்கு அனுப்பும் வழியையும் அதுவே திறந்துவிட்டது.

கல்விச் சட்டத் தொகுப்பின் 17545ஆம் பிரிவின்படி, உபரிப் பொருளை விற்குமுன் மாவட்டத்தில் குறைந்தது மூன்று பொது இடங்களில் இரண்டு வாரம் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அல்லது இரண்டு வாரம், வாரத்துக்கு ஒருமுறையாவது செய்தித்தாளில் வெளியிட வேண்டும். தகுதியுள்ளவர்களில் அதிக விலை கேட்டவருக்குப் பொருளைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் எல்லாரையும் மறுத்துவிட வேண்டும். (தண்டோராவுக்கு ஒன்றுவிட்ட தம்பி இந்த ஒட்டும் அறிவிப்பு.) மதிப்பு 2,500 டாலரைத் தாண்டாது என்று கூட்டத்துக்கு வந்த மாவட்ட நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒருமனதாகக் கண்டால், விளம்பரமின்றி விற்கலாம் என்கிறது 17546. விற்பனைச் செலவுக்கே விலை வராது என்று அவர்கள் ஒருமனதாக முடிவுசெய்தால் இரண்டு வழிகள் உண்டு: குழு தகுந்ததெனக் கருதும் அறநிறுவனத்துக்குக் கொடுக்கலாம், அல்லது அதிகாரம் பெற்ற ஊழியர் ஒருவரின் உத்தரவின்பேரில் உள்ளூர்க் குப்பைமேட்டில் போடலாம். வாசக வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொடுப்பதற்குப் பெறுபவரைக் குழு எடைபோட வேண்டும். கொட்டுவதற்கு ஊழியரின் ஓர் உத்தரவு போதும். கொடுத்தால் ‘ஏன் இவருக்கு?’ என்று ஒருவர் கேட்பார். குப்பைமேட்டுக்கோ உற்றார் உறவினர் கிடையாது.

மத்திய அரசோ எதிர்த்திசையில் நடந்தது. போர்க்காலக் கையிருப்பைத் தீர்க்க வந்த 1944ஆம் ஆண்டு உபரிச் சொத்துச் சட்டம் முதன்மையாக விற்பனையைப் பற்றியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் உபரியை நன்கொடையாக வழங்க வழிசெய்தது. 1976இல் பெறுவோர் வட்டம் மற்றப் பொது அமைப்புகளுக்கும் விரிந்தது. 1996இல் அதிபர் கிளின்டனின் 12999ஆம் நிர்வாக ஆணை அரசுக் கணினிகளைப் பள்ளிகளை நோக்கித் திருப்பியது. இந்த ஏற்பாட்டில் பள்ளி எப்போதும் வாங்கும் கை. அது கொடுக்கும் கையாக மாறும்போதுதான் 1879 நினைவுக்கு வருகிறது. மத்திய மானியத்தில் வாங்கி மிஞ்சிய பொருள்களுக்குக் கணக்குக் காட்டும் வரம்பு 2024 அக்டோபரில் 5,000 டாலரிலிருந்து 10,000 ஆனது. கணக்குப் பார்க்கும் செலவு பொருளின் மதிப்பை விழுங்கிவிடக் கூடாது என்பதே இதன் பொருள் என்று கொள்ளலாம்.

பாடநூல்களின் நிலை சற்று மேல். காலாவதியானவற்றை நூலகங்களுக்கும் அறநிறுவனங்களுக்கும், எழுத்தறிவை வளர்க்கப் பிற நாட்டவருக்கும்கூட வழங்கக் கலிபோர்னியக் கல்விச் சட்டத் தொகுப்பின் 60510ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் 60530இன்படி, பாடநூலாக மீண்டும் விற்க முடியாதபடி சிதைத்த பிறகு அவற்றைப் பழைய காகிதமாக விற்கலாம்.

பொருளைக் கொடுப்பதை எளிதாக்கலாமே என்றால், கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஊழல் புகும் என்பது வலுவான மறுப்பு. தன் பொறுப்பில் நடக்கும் விற்பனையில் அதிகாரியே வாங்குபவராவதை அரசுச் சட்டத் தொகுப்பின் 1090ஆம் பிரிவு தடுப்பது காரணமின்றி அல்ல. ஆனால் நான் கேட்பது கட்டுப்பாடற்ற தானம் அன்று. திறந்த கூட்டத்தில், பெறுபவர் பெயரோடு பதிவாகும் நன்கொடையில் மறைக்க இடம் குறைவு. யார் எதைக் கொட்டச் சொன்னார் என்பதற்கு அத்தகைய வெளிச்சம் கிடையாது. இணைய ஏலம் வந்தபின் இந்தச் சிக்கலே தீர்ந்தது என்பது இன்னொரு மறுப்பு. பழைய பள்ளிப் பேருந்துக்கு அது உண்மை. வேறு ஊர்க்காரரும் விலை கேட்கிறார். நாற்பது பெஞ்சுகளை ஒரே தொகுப்பாக ஏலம் விட்டாலோ, லாரி வைத்திருக்கும் வியாபாரிதான் கேட்க முடியும். இரண்டு பெஞ்சு போதும் என்ற மழலையர் பள்ளிக்கு அந்த ஏலத்தில் இடமில்லை.