செயற்கைப் பட்டிங் தளம்
கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழுத்திப் பழகுவதற்காக, வீட்டுக் கொல்லையில் செயற்கைப் புல் விரித்து அமைக்கும் இடம். இலங்கை மலைநாட்டின் பழைய கோல்ஃப் கழகம் நுவரெலியாவில் 1889இல் தொடங்கியது. செயற்கைப் புல் உலகெங்கும் பெயர்பெற்றது 1966இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில்.

ஊவா மாகாணத்தின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இத்தளம் அமைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். வடகீழ்ப் பருவமழையில் மலைச்சரிவு ஊறிப்போகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை மண்சரிவு மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. ஆகவே விளையாட்டுத் தளத்துக்காகச் சரிவை ஆழமாக வெட்டவே கூடாது. இருக்கும் சமநிலமே போதும். தேயிலை மலையில் வெட்டுவதுபோல் மேற்புறம் கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட வேண்டும்.

மேல்மண்ணைச் சுமார் 10 சென்டிமீட்டர் எடுத்து, சல்லியும் அதன்மேல் கல்தூளும் பரப்பி, நனைத்து இறுக்குவார்கள். இதில் அவசரப்பட்டால் அடுத்த மழைக்கே தளம் பள்ளம் விழும்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதில் பதிக்கும் கிண்ணத்தின் விளிம்பு துருத்தினால் பந்து தட்டி விலகும். புல்விரிப்புத் துண்டுகளை இழை ஒரே பக்கம் சாயும்படி ஒட்டி, நுண்மணல் தூவிக் கூட்டினால் பந்து சீராக உருளும். மரநிழலில் பாசி பிடிக்கும். அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும்.