ஒரு பருவத்தின் இணையத்தளம்: ஹெல்சிங்கி முதல் தங்கவயல் வரை

கோலார் தங்கவயலின் பொறியியல் மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கும் இணையத்தளச் செயல்திட்டங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். மதிப்பெண்ணுக்காகச் செய்யப்படும் வேலைதானே என்று அவற்றை ஒதுக்குவோர் பலர். வலையின் வரலாற்றை அறிந்தோர் அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டார்கள். அவ்வலையின் இளமைக்காலத்தில் மாணவர்களின் பங்கு பெரிது. பதிவு சற்று நீளமானது. பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வலையை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, அதைச் சாதாரணக் கணினிகளில் காண்பதற்கு நல்ல உலாவி இல்லை. அவருடன் பணியாற்றிய ராபர்ட் கையோ, பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, அங்குள்ள மாணவர்களிடம் இந்தத் தேவையை எடுத்துரைத்தார். நான்கு மாணவர்கள் தங்கள் படிப்புக்கான செயல்திட்டமாக அதை ஏற்றுக்கொண்டு, 1992இல் ‘எர்வைஸ்’ என்னும் உலாவியை வெளியிட்டனர். வரைகலை இடைமுகம் கொண்ட தொடக்ககால உலாவிகளுள் அதுவும் ஒன்று.

எர்வைஸின் முடிவும் நினைவில் கொள்ளத்தக்கது. படிப்பு முடிந்தது, நிதி இல்லை, மாணவர்கள் கலைந்தனர். பெர்னர்ஸ்-லீ நேரில் சென்று ஊக்கப்படுத்தியும் பணி தொடரவில்லை. தாமே அதை வளர்க்கலாமா என்றும் அவர் எண்ணிப் பார்த்தார். ஆனால் நிரலின் விளக்கக் குறிப்புகள் பின்னிய மொழியில் இருந்தமையால் அது கைகூடவில்லை. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இந்தச் செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தாய்மொழியில் குறிப்பெழுதியதில் பிழையில்லை. அடுத்து வருபவர் யார், அவர் எந்த மொழியில் படிப்பார் என்ற கேள்வியை அச்செயல்திட்டம் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து ‘மொசைக்’ வந்தது. அதை உருவாக்கிய இருவருள் மார்க் ஆண்ட்ரீசன் அப்போது இளநிலை மாணவர். எரிக் பினா அங்குப் பணியாற்றியவர். எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய மொசைக், வடிவமைப்பு என்ற எண்ணத்தையே வலைக்குள் கொண்டுவந்தது எனலாம். அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் ஆய்வகம் வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. எந்தப் பக்கத்தின் மூலநிரலையும் உலாவியிலேயே திறந்து பார்க்க முடிந்ததால், பிறர் செய்ததைப் பார்த்து, மாற்றி, தாமும் செய்துபார்க்கும் முறையில் ஒரு தலைமுறை இக்கலையைக் கற்றது.

தமிழுக்கு இந்தக் கல்வி இன்னொரு சுமையோடு வந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் வலையில் ஏற்றினார்கள். அதில் தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தமிழின் முதல் இணையப் பக்கங்களாகப் பலராலும் குறிப்பிடப்படுபவை அவையே. பின்வந்த ஆண்டுகளில் தமிழில் பக்கம் அமைக்க முனைந்தவர் எச்டிஎம்எல் கற்பதற்கு முன் எந்த எழுத்துரு, எந்தக் குறியேற்றம் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. தளத்துக்குத் தளம் எழுத்துரு மாறியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், பொருளற்ற உரோமன் குறிகளாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் ஏற்றது. இணையக் குழுக்களில் திஸ்கி வழங்கியது. 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, நடைமுறையில் வேரூன்ற மேலும் பல ஆண்டுகள் ஆயின. பழைய குறியேற்றங்களில் எழுதிக் கைவிடப்பட்ட பக்கங்களை இன்று திறந்தால் பெரும்பாலும் படிக்க இயலாது.

இனித் தங்கவயலுக்கு வருவோம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய நவீனச் சுரங்கத் தொழில், வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த உழைப்பாளர்களின் தோளில் நின்றது. அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதே மாதம் 17ஆம் நாள்தான் சென்னையில், இணையவழித் தமிழ் கற்பிக்கத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிருந்தது. இவ்விரண்டுக்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. எனினும், ஒரு வாழ்வாதாரம் முடிந்த அதே நாள்களில் தமிழுக்கு வேறொரு வாசல் திறந்தது என்பதை அவ்வூரின் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். சுரங்கம் போனபின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இரயில்களே ஊரின் உயிர்நாடியாயின. அவ்விரயில்களில் செல்வோரின் பிள்ளைகளுக்குக் கணினிக் கல்வி பெரும் நம்பிக்கை.

அங்குள்ள டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி, முன்னர் ‘கோல்டன் வேலி’ என்ற பெயர் தாங்கியது. பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு அது இணைந்தது. அப்பல்கலைக்கழகத்தின் 2015ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஏழாம் பருவத்தில் ‘வலைத் தொழில்நுட்ப ஆய்வகம், சிறு செயல்திட்டத்துடன்’ என்னும் தாள் இடம்பெற்றது. முற்பகுதியில் குறிக்கப்பட்ட பயிற்சிகள். பிற்பகுதியில் மாணவரே தேர்ந்து உருவாக்கும் ஓர் இணையச் செயலி. கட்டளைப்படி எழுதிப் பழகியவர் முதன்முறையாகத் தாமே முடிவெடுக்கும் இடம் அந்தப் பிற்பகுதி.

அங்கே பொதுவாகக் காணப்படும் தலைப்புகளை அனைவரும் அறிவோம்: நூலக மேலாண்மை, விடுதி முன்பதிவு, மாணவர் வருகைப்பதிவு. இவற்றால் நிரல் எழுதும் திறன் வளரும். ஆனால் இவை எல்லாம் ஆங்கில எழுத்துக்காக அமைந்த வார்ப்புகள். ஒருமுறை தமிழில் செய்துபார்த்தால்தான் வடிவமைப்பின் ஆழமான வினாக்கள் எழும்.

படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர் உரோமன் எழுத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று பயிற்சிநூல் சரிபார்ப்பு விதி சொல்லும். அதன்படி தமிழில் எழுதிய எந்தப் பெயரும் ‘பிழை’. பத்து எழுத்து வரம்பு வைத்தால் ‘தமிழ்ச்செல்வி’ என்னும் ஏழெழுத்துப் பெயர் முழுமையாக ஏறாது. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது 13 குறிகள். ‘தமிழ்ச்செல’ என்று புள்ளியையும் இழந்து நின்றுவிடும். குடும்பப்பெயர் கட்டாயம் என்றால், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னொட்டாகக் கொண்ட தங்கவயல் தமிழர் அங்கே எதை எழுதுவார்? ‘கீ’ மேலே உயர்வதும் ‘கூ’ கீழே இறங்குவதும் வரிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி கேட்கின்றன. நீண்ட கூட்டுச்சொற்கள் கைப்பேசியின் குறுகிய திரையில் வரியை உடைக்கின்றன. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், பார்வையற்றோருக்காக வாசிக்கும் மென்பொருள் அதை ஆங்கிலமென்று எண்ணித் தடுமாறக்கூடும். இவை எல்லாம், யாருக்காக வடிவமைக்கிறோம் என்ற முதற்கேள்வியின் கிளைகள்.

இழப்பு என்னவென்பதையும் சொல்லவேண்டும். லைன் வீடுகளின் பெயர்களும், கிஃபோர்டு ஷாஃப்ட் போன்ற இறங்குகுழிகளில் வேலை செய்தோரின் நினைவுகளும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த தொழிற்சொற்களும் முதியோரோடு மறைந்துவருகின்றன. மறுபுறம், ஒவ்வோர் ஆண்டும் இளையோர் புதிய தளங்களைக் கட்டி, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் கைவிடுகின்றனர். இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் ஊருக்கும் பயன், மாணவருக்கும் கல்வி.

எனவே இளம் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. தலைப்பை உங்கள் தெருவிலிருந்து எடுங்கள். முதியவர் ஒருவரின் இசைவோடு அவர் வழங்கும் சுரங்கச் சொற்கள் இருபதைத் தொகுத்தாலே ஒரு பருவத்துக்குப் போதும். தமிழையும் கன்னடத்தையும் ஒருங்குறியில் மட்டும் எழுதுங்கள். நிரலின் குறிப்புகளைத் தாய்மொழியோடு ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். முடித்தபின் கோப்புகளை இளைய வகுப்பினர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் புதிதாகத் தொடங்காமல் உங்கள் பக்கத்தைத் திருத்துவதிலிருந்து தொடங்கட்டும்.

பேராசிரியர்கள் இதற்கு ஒரு சிறு இடம் தந்தால் போதும். முந்தைய ஆண்டின் செயல்திட்டத்தை மேம்படுத்துவோருக்கும் புதிதாகச் செய்வோருக்கு இணையான மதிப்பெண் வழங்கலாம். எர்வைஸுக்குக் கிடைக்காத அடுத்த வகுப்பு, தங்கவயலின் பக்கங்களுக்குக் கிடைக்கும்.